அப்பாவுக்கு அங்கே வேலை: பிரிட்டிஷ் பிரபலங்களின் பிறந்த ஊர்கள்

பீட்டில்ஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் என்றால் எல்லோருக்கும் ரிங்கோ ஸ்டார்தான் ஞாபகத்துக்கு வருவார். அவருக்கு முன்னால் இரண்டு வருஷம் அந்த இடத்தில் இருந்தவர் பீட் பெஸ்ட். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து இரவு விடுதிகளில் குழு மணிக்கணக்காக வாசித்து வாசித்துத் தேறிய காலத்தில் அவர்தான் கூட இருந்தார். முதல் இசைத்தட்டு வெளிவர இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி, அவரை விலக்கிவிட்டு ரிங்கோவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ரிங்கோ பிறந்தது லிவர்பூலில், டிங்கிள் என்ற தொழிலாளர் பகுதியில், மாட்ரின் தெரு 9ஆம் எண் வீட்டில். அந்தத் தெருவோடு அக்கம்பக்கத்துத் தெருக்களையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட மாநகராட்சி திட்டம் போட்டது. ரிங்கோ பிறந்த வீடு போய்விடுமே என்று உலகம் முழுக்க இருந்து எதிர்ப்பு வந்தது. பல வருஷ இழுபறிக்குப் பிறகு 2015இல் லண்டன் அரசு அந்தத் திட்டத்தை நிராகரித்தது. வீடுகளைப் பழுதுபார்த்து மறுபடியும் குடிவைத்தார்கள்.

பீட் பெஸ்ட் பிறந்தது நம்ம மெட்ராஸில். தேதி 1941 நவம்பர் 24. ஆனால் சென்னையில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இசை ரசிகர்களிடம் சொன்னால்கூட ஒரு நிமிஷம் யோசிக்கிறார்கள்.

பிரிட்டனின் பாடகர்கள், நடிகர்கள், விளையாட்டு வீரர்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து, பிறந்த ஊர் என்ற கட்டத்தை மட்டும் படித்துக்கொண்டே போனால் மெட்ராஸ், லக்னோ, டார்ஜிலிங், அகமத்நகர், ஸ்ரீநகர், சான்சிபார், நைரோபி, கிங்ஸ்டன் என்று வந்துகொண்டே இருக்கும். இந்த ஊர்கள் அங்கே எப்படி வந்தன, பிறகு அந்த ஊர்ப் பெயர் அந்த மனிதர்களை என்ன செய்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. பிறந்த ஊர் ஒரு ஆளைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். அவருடைய அப்பாவுக்கு எங்கே வேலை போட்டார்கள், அந்த வேலையைப் போட்ட அரசாங்கம் பிற்பாடு அந்தக் குடும்பத்தை எப்படி நடத்தியது என்பதைத்தான் அது அதிகம் சொல்கிறது.

பீட் பெஸ்டின் அம்மா மோனாவே டெல்லியில் பிறந்தவர். முதல் கணவர் கப்பல் பொறியாளர், போரில் இறந்துபோனார். பிறகு இந்தியாவில் ராணுவ வேலையில் இருந்த ஜானி பெஸ்ட் என்ற லிவர்பூல்காரரை மணந்தார். போர் முடிந்ததும் படைகளை ஊருக்கு ஏற்றிப்போன 'ஜார்ஜிக்' கப்பலில் குடும்பம் பம்பாயிலிருந்து கிளம்பியது. 1945 கிறிஸ்துமஸ் அன்று லிவர்பூலில் கரை இறங்கியபோது பையனுக்கு நாலு வயது. அந்த நாள்வரை அவன் பார்த்த நாடு இந்தியா மட்டும்தான்.

மோனாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 1954இல் டெர்பி குதிரைப் பந்தயத்தில் 'நெவர் சே டை' என்ற குதிரை ஓடியது. ஒன்றுக்கு முப்பத்து மூன்று என்ற கணக்கு. அதாவது அது ஜெயிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. மோனா தன் நகைகளையெல்லாம் அடகு வைத்து அந்தக் குதிரையின் மேல் கட்டினார். லெஸ்டர் பிகட் என்ற 18 வயது ஜாக்கி அதை முதலாவதாகக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தப் பணம்தான் பிற்பாடு ஹேமன்ஸ் கிரீன் தெருவில் பதினைந்து அறை கொண்ட பழைய பெரிய வீடாக ஆனது. அந்த வீட்டு நிலவறையில் 1959 ஆகஸ்ட் 29ஆம் தேதி 'காஸ்பா காபி கிளப்' என்று இளைஞர்களுக்காக ஒரு இடம் திறந்தார். திறப்பதற்கு முன்னால் சுவருக்கும் கூரைக்கும் பெயின்ட் அடித்த பையன்களில் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் இருந்தார்கள். தலை தட்டும் அளவுக்குத் தாழ்ந்த கூரையில் பால் வரைந்த வானவில் பட்டைகள் இன்றைக்கும் இருக்கின்றன. டெல்லியில் பிறந்த ஒரு பெண் நகையை அடகு வைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கூரை கிடையாது.

மெட்ராஸில் பிறந்த இன்னொரு பாடகர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். சொந்தப் பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி, பிறந்தது 1936 மே 2. அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். வீடு நிறையப் பிள்ளைகள். பையனுக்குப் பத்து வயது ஆகும்போது குடும்பம் லெஸ்டர் நகரத்துக்குப் போனது. 1967இல் 'ரிலீஸ் மீ' பாட்டு வந்து ஆறு வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் உட்கார்ந்தது. அந்த ஆறு வாரத்தில் முதலிடத்துக்கு வர முடியாமல் இரண்டாம் இடத்தோடு நின்ற இசைத்தட்டு பீட்டில்ஸுடையது: ஒரு பக்கம் 'பென்னி லேன்', மறுபக்கம் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ்'. மெட்ராஸில் பிறந்த ஒருவரைக் குழு விலக்கியது, மெட்ராஸில் பிறந்த இன்னொருவர் அதே குழுவை முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தார். தற்செயல்தான், ஆனால் நினைத்துப் பார்க்க எனக்குப் பிடித்த தற்செயல்.

சரி, இவர்களெல்லாம் இங்கே எப்படிப் பிறந்தார்கள்? ராணுவம், ரயில்வே, தேயிலைத் தோட்டம், நீதிமன்றம். பெரும்பாலும் இந்த நாலில் ஒன்று. கிளிஃப் ரிச்சர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரி ராட்ஜர் வெப் என்ற பெயரில் 1940 அக்டோபர் 14ஆம் தேதி லக்னோவில் பிறந்தார். அப்பா ரயில்களுக்குச் சாப்பாடு வழங்கும் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஹௌராவில் வீடு. பிரிவினைக் காலத்துக் கலவரங்களைக் கல்கத்தாவில் பார்த்த குடும்பம் 1948இல் கப்பலேறியது. இந்தியாவில் வேலையாட்களோடு இருந்தவர்கள், இங்கிலாந்து போனதும் உறவுக்காரர் வீட்டில் ஒரே அறையில் தங்கினார்கள். பிறகுதான் செஷன்ட் என்ற ஊரில் நகராட்சி வீடு கிடைத்தது. பிரிட்டனின் முதல் ராக் அண்ட் ரோல் நட்சத்திரம் என்று சொல்லப்படுபவரின் சிறுவயது இதுதான்.

இப்படிப் பிறந்த குழந்தைகளின் பதிவுகள் எங்கே இருக்கின்றன என்பதும் சுவாரஸ்யமான விஷயம். அந்தக் காலத்தில் இந்தியாவில் பிறந்த ஐரோப்பியக் குழந்தைகளுக்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுதான் முக்கியமான ஆதாரம். பாதிரியார் எழுதிய பதிவின் நகல் மாகாணத் தலைநகர் வழியாக லண்டனுக்குப் போகும். அந்தத் தொகுதிகள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா அலுவலக ஆவணங்களுக்குள் இருக்கின்றன. வங்காளத்துக்கு 'என் 1', மெட்ராஸ் மாகாணத்துக்கு 'என் 2', பம்பாய்க்கு 'என் 3' என்று வரிசை எண். தங்கள் தாத்தா எங்கே பிறந்தார் என்று தேடும் பிரிட்டிஷ் குடும்பங்கள் இன்றைக்கும் அந்தத் தொகுதிகளைத்தான் புரட்டுகின்றன.

பிறந்த ஊரில் இந்தக் குழந்தைகள் வளர்ந்தது கொஞ்ச காலம்தான். இந்திய வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது, இங்கத்திய பேச்சு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து ஐந்தாறு வயதிலேயே கப்பலேற்றி இங்கிலாந்து விடுதிப் பள்ளிக்கு அனுப்புவது அன்றைய வழக்கம். 1913இல் டார்ஜிலிங்கில் பிறந்த நடிகை விவியன் லீ ஆறு வயதில் லண்டன் அருகே ஒரு கன்னிமாடப் பள்ளியில் விடப்பட்டார். அஸ்ஸாமில் சாபுவா தேயிலைத் தோட்டத்தில் 1940இல் பிறந்த நடிகை ஜூலி கிறிஸ்டியும் சின்ன வயதிலேயே போனவர்தான். இருவருமே ஆஸ்கர் வாங்கினார்கள், விவியன் லீ இரண்டு முறை.

இதில் என் மனசைத் தொடுவது இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் காலின் கௌட்ரியின் கதை. அப்பா தேயிலைத் தோட்டக்காரர், கிரிக்கெட் பைத்தியம். பையன் 1932 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிறந்தான். லண்டன் லார்ட்ஸ் மைதானத்தின் சொந்தக்காரரான எம்.சி.சி. கிளப்பின் முதலெழுத்துகள் வரவேண்டும் என்றே மைக்கேல் காலின் கௌட்ரி என்று பெயர் வைத்தார்கள். பிறந்த ஊர் ஊட்டி என்றே கிரிக்கெட் புத்தகங்களில் பல காலம் இருந்தது. பெங்களூர் என்று சொல்கிறவர்களும் உண்டு. தோட்டத்தில் அப்பா பந்து போட, வேலைக்காரப் பையன்கள் ஓடி எடுக்க, அப்படித்தான் ஆட்டம் பழகினான். 1938இல் அவனை இங்கிலாந்துப் பள்ளியில் விட்டுவிட்டுப் பெற்றோர் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். அடுத்த வருஷம் போர் வந்துவிட்டது, கடல் வழி அடைபட்டது. போர் முடிந்து 1945 கடைசியில்தான் அம்மா அப்பாவை மறுபடி பார்த்தான். ஐந்து வயதில் விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தபோது அவனுக்குப் பதின்மூன்று வயது ஆகப்போகிறது. டெஸ்ட் கிரிக்கெட்டில் நூறு ஆட்டம் ஆடிய முதல் ஆள் அவர்தான். 1968இல் எட்ஜ்பாஸ்டனில் நடந்த அந்த நூறாவது ஆட்டத்தில் நூறும் அடித்தார்.

இங்கிலாந்து கிரிக்கெட் கேப்டன்களின் பிறந்த ஊர்களை மட்டும் வைத்தே பிரிட்டிஷ் அதிகாரிகளும் வியாபாரிகளும் போன இடங்களுக்கெல்லாம் ஒரு வரைபடம் போட்டுவிடலாம். லார்ட் ஹாரிஸ் 1851இல் டிரினிடாடில் பிறந்தார். காரணம், அப்பா அந்தத் தீவின் கவர்னர். அப்பாவுக்கு அடுத்த மாற்றல் எங்கே தெரியுமா? மெட்ராஸ். 1854 முதல் 1859 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் அவர்தான். ஃப்ரெடி பிரௌன் பெரு நாட்டின் லிமாவில் பிறந்தார், டெட் டெக்ஸ்டர் இத்தாலியின் மிலானில். உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசச் சொல்லி ஆஸ்திரேலியாவையே கொதிக்க வைத்த டக்ளஸ் ஜார்டின் 1900இல் பம்பாய் மலபார் ஹில்லில் பிறந்தவர். அப்பா அங்கே வக்கீல். 1933 டிசம்பரில் இந்திய மண்ணில் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது பம்பாய் ஜிம்கானா மைதானத்தில். இங்கிலாந்துக்கு அன்று கேப்டன் ஜார்டின். இரண்டு மாதம் கழித்து, 1934 பிப்ரவரியில், சேப்பாக்கத்தின் முதல் டெஸ்டுக்கும் அவரே அணியை அழைத்து வந்தார். விருந்தாளி அணிக்குத் தலைவர் அந்த நாட்டில் பிறந்தவர் என்பதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஏனென்றால் அப்போது பம்பாயில் பிறந்தாலும் பர்மிங்ஹாமில் பிறந்தாலும் காகிதத்தில் எல்லோரும் ஒரே மன்னரின் குடிமக்கள்.

அந்தக் காகிதம் மாறத் தொடங்கியபோதுதான் பிறந்த ஊர் பிரச்சினையாக ஆனது. இங்கே கொஞ்சம் சட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1948ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம், பிரிட்டனுக்கும் அதன் காலனிகளுக்கும் சேர்த்து ஒரே குடியுரிமையை உண்டாக்கியது. காலனியிலிருந்தும் காமன்வெல்த் நாடுகளிலிருந்தும் யார் வேண்டுமானாலும் பிரிட்டனுக்குப் போய்க் குடியேறலாம். கரீபியத் தீவுகளிலிருந்தும் இந்தியா, பாகிஸ்தானிலிருந்தும் மக்கள் வரத் தொடங்கியதும் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மனசு மாறியது. 1962இல் முதல் கட்டுப்பாடு வந்தது. 1968இல் கென்யாவிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு இந்திய வம்சாவளியினர் கிளம்பி வந்தபோது, நாடாளுமன்றம் மூன்றே நாளில் இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது. பாஸ்போர்ட் இருந்தால் மட்டும் போதாது. நீங்களோ, பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கேட்பதற்குப் பொதுவான விதிதான். ஆனால் தாத்தா பிரிட்டனில் பிறந்தவர் என்று யாரால் காட்ட முடியும்? நைரோபியில் பிறந்த வெள்ளைக்காரரால் முடியும். அதே தெருவில் பிறந்த குஜராத்திக்காரரால் முடியாது. நிறம் என்ற சொல்லே வராமல் நிறத்தைப் பிரிக்க பிறந்த ஊர் உதவியது. இது அநியாயம் என்று அப்போதே பலர் சொன்னார்கள், எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. கடைசியாக 1983 ஜனவரி 1 முதல், பிரிட்டன் மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்பதும் போனது. பெற்றோரில் ஒருவராவது குடியுரிமையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ பெற்றிருக்க வேண்டும் என்று ஆனது.

இந்தச் சிக்கலில் வெள்ளைக்காரர்களும் மாட்டிக்கொண்டார்கள் என்பதற்கு ஸ்பைக் மில்லிகன் உதாரணம். பிரிட்டிஷ் நகைச்சுவையின் போக்கையே திருப்பிய 'கூன் ஷோ' என்ற பி.பி.சி. வானொலி நிகழ்ச்சியை எழுதியவர். 1918இல் அகமத்நகரில் பிறந்தார், அப்பா இந்தியாவில் பணியாற்றிய ராணுவக்காரர், அயர்லாந்தில் பிறந்தவர், அம்மா ஆங்கிலேயர். புனேயிலும் ரங்கூனிலும் வளர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் பீரங்கிப் படையில் போரிட்டு இத்தாலியில் காயம்பட்டார். 1960இல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கேட்டபோது கிடைக்கவில்லை. பிறந்தது இந்தியா, அப்பா பிறந்தது அயர்லாந்து, இரண்டும் இப்போது வேறு நாடுகள். ராணி பெயரில் விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னார்கள். நாட்டுக்காகச் சண்டை போட்டவன் எதற்குப் புதிதாகப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று மறுத்துவிட்டு அயர்லாந்துக் குடிமகன் ஆனார். அதனால் 2001இல் சர் பட்டத்துக்குரிய விருது கொடுத்தபோதும் வெளிநாட்டவருக்கான கௌரவ விருதாகவே கொடுத்தார்கள். அடுத்த வருஷம் இறந்தார். தென்கிழக்கு இங்கிலாந்தில் வின்செல்சி ஊர்த் தேவாலயத்தில் கல்லறை. 'எனக்கு உடம்பு சரியில்லை என்று அப்போதே சொன்னேனே' என்று கல்லில் எழுதவேண்டும் என்பது அவர் ஆசை. தேவாலயம் ஆங்கிலத்தில் எழுத ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஐரிஷ் மொழியில் எழுதினார்கள்.

'குயீன்' ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் குடும்பம் 1968 சட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்து சேர்ந்தது. ஃபரூக் புல்சாரா என்ற பெயரில் 1946இல் சான்சிபார் தீவின் ஸ்டோன் டவுனில் பிறந்தார். குஜராத்திலிருந்து போன பார்சிக் குடும்பம். அப்பாவுக்கு அங்கே பிரிட்டிஷ் நிர்வாகத்தில் காசாளர் வேலை. பையனைப் படிக்க வைத்தது பம்பாய்ப் பக்கம் பஞ்சகனியில். 1964 ஜனவரியில் சான்சிபாரில் புரட்சி வெடித்து அரேபியர்களும் இந்தியர்களும் கொல்லப்பட்டபோது குடும்பம் பெட்டியோடு தப்பி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபெல்தம் என்ற இடத்தில் ஒரு சின்ன வீட்டில் குடியேறியது. நாலு வருஷம் தாமதித்திருந்தால் 1968 சட்டம் வாசலில் நின்றிருக்கும். அந்த வீட்டுச் சுவரில் 2016இல் நீல நிற நினைவுப் பலகை பதித்தார்கள். உயிரோடு இருந்தவரை சான்சிபாரைப் பற்றி அவர் பேட்டிகளில் அதிகம் பேசியதில்லை.

பேசாமல் இருப்பது ஒன்று, பொய் சொல்ல வேண்டி வருவது இன்னொன்று. மெர்ல் ஓபரான் 1930களில் பிரிட்டிஷ் சினிமாவிலும் ஹாலிவுட்டிலும் உச்சத்தில் இருந்த நடிகை. 1935இல் வெளிவந்த படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பிறந்த ஊர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா என்று விளம்பரக்காரர்கள் எழுதினார்கள். யாரும் போய்ச் சரிபார்க்க முடியாத தூரம். ஆனால் அவர் 1911இல் பம்பாயில் பிறந்தவர், கல்கத்தாவில் வளர்ந்தவர். அவரை வளர்த்த ஷார்லட், இலங்கையில் பிறந்த கலப்பினப் பெண்மணி. மெர்லைப் பெற்றவர் ஷார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ் என்று பிற்பாடு பிறப்புச் சான்றிதழ் காட்டியது. அதாவது அம்மா என்று கூப்பிட்டது பாட்டியை.

ஏன் இந்தப் பொய்? வெள்ளையருக்கும் மற்றவர்களுக்கும் இடையே காதலைத் திரையில் காட்டக்கூடாது என்று ஹாலிவுட்டின் தணிக்கை விதியே இருந்த காலம் அது. உண்மை தெரிந்தால் கதாநாயகி வேடம் போய்விடும். அதனால் லண்டன் வீட்டுக்கு விருந்தாளிகள் வரும்போது, நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஷார்லட்டை வேலைக்காரி என்று சொல்லிவைத்தார். ஷார்லட் இறந்த பல வருஷம் கழித்து அவர் படத்தை ஓவியமாக வரையச் சொன்னபோது, முகத்தை வெளுப்பாக வரையும்படி கேட்டார். 1978இல் டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபர்ட்டில், மண்ணின் மகள் வந்திருக்கிறாள் என்று வரவேற்பு வைத்தார்கள். அறுபத்தேழு வயதில், பிறக்காத ஊரில், பிறந்த ஊருக்குத் திரும்பியவராக அவர் நின்றார். அடுத்த வருஷம் இறந்துபோனார். அந்த வரவேற்பில் அவர் நின்ற நிலையை நினைத்தால் கோபம் அவர்மேல் வரவில்லை.

இது பழைய காலத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒலிம்பிக்கில் நாலு தங்கம் வாங்கிய ஓட்டக்காரர் மோ ஃபாரா, தான் வேறு பெயரில் கடத்திக் கொண்டுவரப்பட்டவர் என்பதை 2022 ஜூலையில்தான் சொன்னார். உண்மைப் பெயர் ஹுசைன் அப்தி காஹின், பிறந்தது சோமாலிலாந்து. நாலு வயதில் அப்பா உள்நாட்டுச் சண்டையில் இறந்தார். ஒன்பது வயதுவாக்கில், முன்பின் தெரியாத ஒரு பெண், வேறொரு பையனுடைய பெயரில் இவரை லண்டனுக்குக் கூட்டிவந்து ஒரு வீட்டில் வேலை வாங்கினார். பள்ளியின் விளையாட்டு ஆசிரியரிடம்தான் முதலில் உண்மையைச் சொன்னார். அந்த ஆசிரியர் உதவியோடுதான் குடியுரிமையும் கிடைத்தது. ஃபாரா மேல் நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்று உள்துறை சொன்னபிறகுதான் நிம்மதி.

விளையாட்டில் பிறந்த ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு: எந்த அணிக்கு ஆடலாம் என்பது. கால்பந்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நாலுக்கும் தனித்தனி அணி, ஆனால் பாஸ்போர்ட் ஒன்றுதான். எனவே யார் எந்த அணி என்று பிரிக்க, ஆட்டக்காரர் பிறந்த இடம், பெற்றோர் பிறந்த இடம், தாத்தா பாட்டி பிறந்த இடம் என்று பார்த்தார்கள். ரயன் கிக்ஸ் வேல்ஸின் கார்டிஃபில் பிறந்து, சின்ன வயதிலேயே மான்செஸ்டர் பக்கம் வந்தவர். இங்கிலாந்து பள்ளிச் சிறுவர் அணிக்குக் கேப்டனாகக்கூட இருந்தார். ஆனால் பெரிய அணி என்று வந்தபோது அவருக்கு வேல்ஸ் மட்டும்தான். ஐந்து வருஷம் பள்ளிப் படிப்பு இருந்தால் போதும் என்ற விதி வந்தபோது அவர் சர்வதேச ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றிருந்தார். எதிர்த்திசையில் ஓவன் ஹார்கிரீவ்ஸ் கனடாவின் கால்கரியில் பிறந்து, ஜெர்மனியில் ஆட்டம் பழகி, இங்கிலாந்தில் ஒருநாளும் வசிக்காமலேயே இங்கிலாந்து அணிக்கு வந்தார். அப்பா பிறந்த ஊர் கைகொடுத்தது.

கிரிக்கெட்டில் யார்க்ஷயர் கவுண்டி அணி இன்னும் கெட்டி. அந்த மாவட்ட எல்லைக்குள் பிறந்தவர்தான் ஆடலாம் என்று நூறு வருஷத்துக்கும் மேலாக வைத்திருந்தார்கள். பிரசவ நேரம் நெருங்கினால், பிறப்பது பையனாக இருந்தால் கிரிக்கெட் ஆட வேண்டுமே என்று எல்லைக்குள் திரும்பி ஓடிவரும் தாய்மார்களைப் பற்றி யார்க்ஷயரில் இன்னமும் பேசுவார்கள். நம்ம ஊரில் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவதுபோல, அவர்களுக்கு யார்க்ஷயரே தாய் வீடு. 1992இல்தான் அந்த வழக்கத்தை விட்டார்கள். அந்த வருஷம் அணிக்கு வந்த முதல் வெளிநாட்டு வீரர் 19 வயது சச்சின் டெண்டுல்கர். பக்கத்து லங்காஷயர் எல்லைக்குள் பிறந்து ஒன்பது வயதில் ஷெஃபீல்டுக்கு வந்த மைக்கேல் வானுக்கும் அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. பிற்பாடு இங்கிலாந்தின் கேப்டனாக ஆஷஸ் கோப்பையை மீட்டுக் கொடுத்தவர். பழைய விதி இருந்திருந்தால் சொந்த ஊர் அணியில் அவருக்கு இடமே இல்லை.

கடைசியாக மறுபடியும் மெட்ராஸுக்கு வருகிறேன், கிரிக்கெட் வீரர் நாசர் ஹுசேனுக்காக. இவர் கதை மற்றவர்களுடையதுபோல இல்லை. 1968 மார்ச் 28 அன்று பிறந்தார். பிரிட்டிஷ் ஆட்சி போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. அப்பா ஜவாத் மெட்ராஸ்காரர், ரஞ்சி ஆட்டம் ஆடியவர், அம்மா ஆங்கிலேயர். சின்னப் பையனாகச் சேப்பாக்கத்தில் அப்பாவும் அண்ணன்களும் அடிக்கும் பந்துக்குப் பின்னால் ஓடியதுதான் அவருடைய முதல் கிரிக்கெட். 1975இல் குடும்பம் இங்கிலாந்து போனது. அப்பா இல்ஃபோர்டில் உள்ளரங்கக் கிரிக்கெட் பள்ளி நடத்தினார்.

1990 பிப்ரவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடினார். இரண்டு மாதம் கழித்து நார்மன் டெப்பிட் என்ற அரசியல்வாதி, ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தால் அவர்களுடைய விசுவாசம் தெரிந்துவிடும் என்கிற மாதிரி பேசி நாடு முழுக்க விவாதத்தைக் கிளப்பினார். அந்த நேரத்தில் மெட்ராஸில் பிறந்த 22 வயது இளைஞர் இங்கிலாந்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடி முடித்திருந்தார். 1999இல் அவரே கேப்டன் ஆனார்.

2004 மே மாதம் லார்ட்ஸில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட். கடைசி நாள், ஜெயிக்க 282 ரன். ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் என்ற புதுப் பையன், ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், முதல் இன்னிங்ஸில் நூறு அடித்துவிட்டு இரண்டாவதிலும் 83க்கு வந்துவிட்டார். எதிர்முனையில் ஹுசேன். ஒரு ரன்னுக்கு ஹுசேன் கூப்பிட்டு ஓடிவந்து, பிறகு வேண்டாம் என்று திரும்ப, ஸ்ட்ராஸ் ரன் அவுட். முதல் டெஸ்டிலேயே இரண்டு நூறு என்ற அரிய வாய்ப்பு போயிற்று. ஹுசேன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். இனி ஆட்டத்தை முடித்துக் கொடுக்காமல் உள்ளே போக முடியாது. நின்று ஆடி, பவுண்டரியில் தன்னுடைய நூறைத் தொட்டு, வெற்றி ரன்னையும் அவரே அடித்தார், 103 ரன், ஆட்டமிழக்காமல். மூன்று நாள் கழித்து எல்லா ஆட்டத்திலிருந்தும் ஓய்வு என்று அறிவித்தார். தன் இடம் இனி ஸ்ட்ராஸுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.